நாவற்பழ நிறம்

விடிகாலை பெங்களூரு ரயிலில்
தோல் வருகிறது.
தெர்மாகோல் பெட்டி. கவிழ்க்காதே என்று ஓர் அம்புக்குறி.
ஜங்ஷனில் வாங்கி, டிவிஎஸ் ஃபிஃப்டியில்
கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு
ஐந்து ரோட்டுப் பள்ளங்களில்
பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிவருகிற மாதிரி
ஓட்டிவருகிறார் அர்த்தனாரி.

உள்ளே இருபத்து நான்கு வட்டங்கள்,
சட்டைப் பொத்தான் அளவில்.
பெண், வயது நாற்பத்தொன்று.
தாள் அவ்வளவுதான் சொல்கிறது.
வயிற்று அறுவையில் மிஞ்சியதைக்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.
செல் செல்லாகப் பிரித்து, வளர்த்து, காற்றுக் காட்டி
மறுபடி தோலாக்கியிருக்கிறார்கள்.
பிரசவ வரி இல்லை, மச்சம் இல்லை.
கிள்ளினால் “ஆ” என்று சொல்ல
மேலே யாரும் இல்லை.

முப்பத்தேழு டிகிரி அலமாரியில் வைத்தேன்.
“சாப்பிடுமா?” என்றார், முதல் பெட்டி வந்த அன்று.
பத்தொன்பது வருடம் முயலுக்குத் தீனி போட்டவர்
வேறென்ன கேட்பார்.
சிவப்புத் திரவத்தைக் காட்டினேன்.
புட்டியில் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டினார்.
“கன்னுக்குட்டி ரத்தமா?”
ரத்தம் இல்லை, சீரம் என்றேன்.
பிறக்காத கன்று என்பதைச் சொல்லவில்லை.
அவரும் தாயைப் பற்றிக் கேட்கவில்லை.

பக்கத்து அறை அவருடையதாக இருந்தது.
முதுகு மழித்து, மருந்து ஒற்றி,
நான்கு மணி நேரம் கட்டிவைப்பார்.
மறுநாள் நான் போய்ச் சிவப்பைப் படிப்பேன்.
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
நான்குக்கு மேல் படிவத்தில் எண் கிடையாது.
முயல் கத்தாது. எங்களுக்கு அது வசதி.
ஒரே ஒரு தடவை கத்தியது.
அன்றைக்கு அர்த்தனாரி
சோற்றுத் தூக்கைத் திறக்காமலே
வீட்டுக்கு எடுத்துப்போனார்.
இன்னும் அவர் முன்கையில்
பின்னங்கால் நகம் கிழித்த வெள்ளைக் கோடுகள்.
வெயிலில்கூட முழுக்கைச் சட்டை.

இந்த வாரச் சாம்பிள் செவ்வாய்பேட்டையிலிருந்து.
கொலுசுக்கு மினுக்கு ஏற்றும் தண்ணீர்,
பழைய மினரல் வாட்டர் பாட்டிலில்.
மூடியைத் திருகியதும் கண் கரித்தது.
வட்டத்துக்கு ஒரு சொட்டு.
ஒரு மணி நேரம். கழுவல்.
மறுபடி அலமாரி, நாற்பத்திரண்டு மணி நேரம்.
பிறகு மஞ்சள் சாயம்.

உயிர் இருக்கும் இடத்தில்
மஞ்சள் ஊதாவாகும்.
வெறும் உப்புநீர் பட்ட மூன்றும்
நாவற்பழம் தின்ற பிள்ளைகள் மாதிரி
நாக்கை நீட்டிக் காட்டின.
மினுக்குத் தண்ணீர் பட்ட மூன்றும்
வாயே திறக்கவில்லை.

நூற்றுக்குப் பதினொன்று.
ஐம்பதுக்குக் கீழே போனாலே
எரிச்சலூட்டி என்று எழுதியாக வேண்டும்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன்.
“அதெப்படிம்மா?
பதினாலு பொம்பளைங்க, மூணு வருசமா
தெனம் கைய உள்ள விட்டுத்தான் எடுக்குறாங்க.
சாயங்காலம் தேங்காயெண்ணெ தடவிக்குவாங்க, அவ்ளோதான்.”
கொஞ்சம் நிறுத்தி,
“எப்படியோ எழுதுங்க.
எந்த விலங்கு மேலயும் சோதிக்கலன்னு
ஒரு வரி மட்டும் வந்துரணும்.
வெளிநாட்டுப் பார்ட்டி அதைத்தான் கேக்குறான்.”

எழுதினேன்.
இரண்டு வரிகளும் உண்மை.
பதினான்கு பேருக்கு
படிவத்தில் கட்டம் தேடினேன்.
தட்டை மஞ்சள் பைக்குள் போட்டுக் கட்டும்போது
அர்த்தனாரி கேட்டார்,
“இந்தம்மாவுக்குத் தகவல் சொல்லுவாங்களா?”
எந்தம்மா என்று
எனக்குச் சட்டென விளங்கவில்லை.

கொண்டலாம்பட்டி பஸ்ஸில் நல்ல கூட்டம்.
செவ்வாய்பேட்டையில் ஏறியவள்
என் முகத்துக்கு நேரே கம்பியைப் பிடித்தாள்.
விரலிடுக்கில் தோல் உரிந்து,
கணுக்களில் வெடிப்பு, எண்ணெய் மினுக்கம்.
வாய்க்குள் எண்ணிவிட்டேன்.
மூன்று. இல்லை,
சுண்டுவிரல் ஓரம் நான்கு.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.
பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.
அப்படியும் கம்பியை விட்டுவிட்டு
கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.